வாவிக்கு வேலி இல்லை

(மட்டக்களப்பில் நடைபெற்ற ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நண்பர்களே,

வரும் வழியில் கல்லடிப் பாலத்தில் சற்று நின்றேன். ஒருவர் வாவியில் வலை வீசிக்கொண்டிருந்தார். 'அண்ணன், மருந்துக்கு மசியாத ஆஸ்பத்திரிக் கிருமி இந்தத் தண்ணீரிலும் இருக்கலாம்' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அது வார்டுக்குள் கிடப்பதுதானே? ஆய்கூடத்தில் காலம் கழித்த நானே நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

சில பற்றீரியாக்கள் உண்டாக்கும் என்.டி.எம்-1 என்றொரு நொதி. வேறு மருந்து கேட்காதபோது வைத்தியர்கள் கையில் எடுக்கும் கார்பபெனெம் மருந்துகளையே அது சிதைத்துவிடும். 2008 இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் அதைக் கண்டார்கள். 2011 இல் வெளியான ஆய்வொன்று, புதுடில்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51 இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் 2 இலும் அதன் மரபணு இருந்ததாகச் சொன்னது. பிறகு, பனிக்கரடி உலாவும் ஸ்வால்பார்ட் தீவு மண்ணிலும் அது அகப்பட்டது. அங்கே ஆஸ்பத்திரிச் சாக்கடையா ஓடுகிறது? பறவை எச்சத்தோடும் மனிதக் கழிவோடும் போயிருக்கலாம் என்கிறார்கள்.

இந்த மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருக்கிறது. ஒரு பற்றீரியா அதைப் பிரதி எடுத்து அடுத்த பற்றீரியாவுக்குக் கொடுக்கும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து வளவுக்காரர் நம் பூவரசில் ஒரு கதியால் வெட்டிக்கொண்டுபோய்த் தம் வேலியில் நட்டால் நம் மரம் பட்டுப்போவதில்லை, அவர் வேலியும் தழைக்கிறது. அப்படித்தான் இதுவும்.

ஆனால் எல்லாப் பழியையும் ஆஸ்பத்திரியின் தலையில் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1943 இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் அன்ரிபயோட்டிக்கை எடுத்ததே மண்ணில் வாழும் பற்றீரியாவிலிருந்துதான். மருந்து பிறந்த இடத்தில் அதற்கு மாற்றும் பிறந்திருக்கிறது: 30,000 ஆண்டு பழமையான உறைமண்ணிலும் மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்திருக்கின்றன.

நமது வட்டைச் சேற்றுக்கே வாருங்கள். மெலியோய்டோசிஸ் என்னும் உயிராபத்தான நோயை உண்டாக்கும் பற்றீரியா ஈர மண்ணில் வாழ்வது. மாரியில் வெறுங்காலோடு வயலில் இறங்கும் நீரிழிவுக்காரரை அது எளிதில் பிடிக்கிறது. பெனிசிலினுக்கு அது மசியாது. ஜென்டாமைசினுக்கும் பெரும்பாலும் மசியாது. எந்த ஆஸ்பத்திரியிலும் கற்ற வித்தையல்ல, பிறவிக் குணம். நான் வேலை செய்த ஓர் ஆய்கூடத்தில் இதன் வளர்ச்சியைக் கிருமி வளர்க்கும் தட்டில் பார்த்துவிட்டு, 'வெளியிலிருந்து விழுந்த அழுக்கு' என்று எறிந்ததுண்டு. எறிந்தவர்களில் நானும் ஒருவன்.

அப்படியானால் நம் பங்கு என்ன? விழுங்கும் அமொக்சிசிலின் என்னும் அன்ரிபயோட்டிக்கில் பெரும்பகுதி மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது. நம்முடையது மணல் நிலம். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே சில வளவுகளில் நாலு எட்டுத்தான். மாரி வெள்ளம் அதையும் அழித்துவிடும். மருந்தின் மிச்சமும் கிருமியும் அங்கே ஒன்றாக ஊறும்போது, தாங்கக்கூடிய கிருமியே பெருகும். தடிமனுக்கு வாங்கிய அன்ரிபயோட்டிக் குளிசையில் மிஞ்சியதைக் குசினித் தொட்டியில் கொட்டுகிறோமே, அதுவும் அங்கேதான் போகிறது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முன்வரிசையில் ஒரு தங்கச்சி வெகுநேரமாகக் கையை உயர்த்தி வைத்திருக்கிறார். கேளுங்கள், பிள்ளை.