மாறும் கோப்பு வடிவங்களும் மென்பொருளின் கண்டிப்பும்

(யாழ்ப்பாணத்தில் கணினி பயிலும் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். கோப்பின் வடிவம் மாறும்போது அதை வாசிக்கும் மென்பொருள் கண்டிப்பாக நடக்க வேண்டுமா, விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பதே இன்று நான் பேச வந்த பொருள். உங்கள் பணப்பையில் இருக்கும் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். தேசிய அடையாள அட்டை இலக்கம் முன்பு ஒன்பது எண்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்துமாக இருந்தது. 2016 முதல் பிறந்த ஆண்டை நான்கு எண்களில் முழுமையாகக் கொண்ட பன்னிரண்டு எண் இலக்கம் வந்தது. பழைய அட்டைகளும் தொடர்ந்து செல்லுபடியானதால், இரண்டு வடிவங்களும் ஒரே பட்டியலில் அருகருகே இருக்க வேண்டியதாயிற்று.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் அங்கத்தவர் பட்டியலுக்கு நான் ஒரு சிறு நிரலை எழுதியிருந்தேன். பத்து எழுத்துகள் இல்லாத இலக்கத்தை அது ஏற்காது. அந்தக் கண்டிப்பில் எனக்குப் பெருமையும் இருந்தது. புதிய அட்டையோடு இளைஞர்கள் சேரத் தொடங்கியதும், பதிவு செய்த தம்பி, வேலை நடக்க வேண்டுமே என்று கடைசி மூன்று எண்களை வெட்டிவிட்டு ஒரு வி எழுத்தைச் சேர்த்துப் பதிந்திருக்கிறார். நிரல் முதல் இரண்டு எண்களைப் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொண்டது. 1998இல் பிறந்த பிள்ளை 1919இல் பிறந்தவராகி, 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் எங்கள் கரப்பந்தாட்ட அணி முழுவதும் தொண்ணூற்றெட்டு வயதில் நின்றது. உண்மையான தரவுக்கு வழிவிடாத கண்டிப்பு பொய்யான தரவை எழுத வைத்தது. பிழை அந்தத் தம்பியுடையதன்று, என்னுடையது.

வெட்கத்தில் சோதனையை அடியோடு எடுத்துவிட்டேன். அடுத்த ஆண்டு பட்டியல் எக்செல் வழியாக வந்தது. பன்னிரண்டு எண்கள் கொண்ட ஒன்றை எக்செல் சாதாரண நிலையில் அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். அதைக் காற்புள்ளியால் பிரித்த கோப்பாகச் சேமித்தால், திரையில் தெரிந்த சுருக்கமே கோப்பில் எழுதப்படும். ‘1.99812 ஈ+11’ என்று வந்த இலக்கத்தை என் நிரல் மறுப்பின்றி ஏற்றது. இலக்கத்தில் ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று எண்கள் பிறந்த நாளையும் பாலையும் காட்டுவதால், அந்தச் சுருக்கத்துக்குள் 1998ஆம் ஆண்டின் ஏறத்தாழப் பத்து நாட்களில் பிறந்த ஆண்கள் அனைவரும் அடங்குவார்கள். அப்படி இரண்டு பேர் ஒரே இலக்கத்தில் விழ, பிந்தி வந்தவரின் பெயர் முந்தியவரின் பெயரை அழித்துவிட்டது. தொலைபேசி இலக்கங்களின் முதற் பூச்சியம் காணாமற்போனதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

இது ஊர் நிலையத்தோடு முடியும் சங்கதி அன்று. அனுப்புவதில் கட்டுப்பாடாக இரு, ஏற்பதில் தாராளமாக இரு என்ற நெறியை 1980இல் இணைய நெறிமுறை ஆவணங்களில் எழுதியவர் ஜோன் பொஸ்டல். வலை உலாவிகள் அந்தத் தாராளத்தோடு வளர்ந்தன. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் குறையாக எழுதிய பக்கத்தையும் ஒவ்வோர் உலாவியும் தன் ஊகப்படி காட்டியதால், ஊகங்களையே மற்றவர்கள் பார்த்துப் பின்பற்ற வேண்டி வந்தது. 1998இல் வந்த எக்ஸ்எம்எல் என்ற குறிமொழி எதிர்த்திசையில் போனது. தொடங்கிய ஒரு குறிச்சொல் மூடப்படாவிட்டாலும் வாசிப்பான் வழமையான வேலையைத் தொடரக் கூடாது என்றது. பக்கம் எழுதுவோர் அந்தக் கண்டிப்பைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. பின்னர் எச்டிஎம்எல் 5, பிழையான பக்கத்தைக்கூட எல்லா உலாவிகளும் ஒரே மாதிரி வாசிக்கும் முறையை வரி வரியாக எழுதி வைத்தது. அங்கே தாராளம் இருக்கிறது, ஆனால் ஊகத்துக்கு இடமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1996இல் வெளியான பிஎன்ஜி பட வடிவத்தின் ஏற்பாடு. அதன் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கெழுத்துப் பெயர் உண்டு. முதலெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தானால், அத்துண்டை அறியாத மென்பொருள் படத்தைச் சரியாகக் காட்ட முடியாதென்று சொல்லியாக வேண்டும். சிறிய எழுத்தானால் அதைக் கடந்து போகலாம். நான்காம் எழுத்து இன்னும் நுட்பமானது: படத்தைத் திருத்தும் மென்பொருள் தனக்குப் புரியாத அத்துண்டைப் புதிய கோப்புக்கு அப்படியே எடுத்துச் செல்லலாமா என்பதை அது சொல்கிறது. பின்னாளில் என்ன சேரும் என்று தெரியாத காலத்திலேயே, சேரப்போவதை எப்படி நடத்துவது என்று எழுதி வைத்தார்கள்.

நம் பழைய வீடுகளின் கூரையிட்ட வெளிவாசலான சங்கடப்படலையை இங்கே நினைக்கிறேன். வழிப்போக்கர் அதன் கூரை நிழலில் இருந்து தண்ணீர் குடிக்கலாம்; அவரை யாரும் துரத்துவதில்லை, விசாரிக்காமல் வீட்டுக்குள் விடுவதுமில்லை. இப்போது என் நிரல் இலக்கத்தை எண்ணாக அல்ல, எழுத்தாகவே வைத்திருக்கிறது. ஒப்பிடுவதற்கு மட்டும் பழைய இலக்கத்தின் முன்னே 19ஐயும் அந்தப் பழைய இலக்கத்தின் ஐந்தாம் எண்ணுக்குப் பின்னே ஒரு பூச்சியத்தையும் சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிடும். சேமிப்பது அட்டையில் உள்ளபடியே. இரண்டு வடிவங்களிலும் அடங்காத வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் தனிப் பக்கத்தில் வைத்து, எத்தனையாவது வரி என்று திரையில் சொல்லும்.

வெட்டப்பட்ட மூன்று எண்களை எந்த நிரலாலும் மீட்க முடியவில்லை. வீடு வீடாகப் போய் அட்டைகளைப் பார்த்து எழுதினோம். இருவர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களுடைய வரிகள் இன்னும் அந்தத் தனிப் பக்கத்தில்தான் இருக்கின்றன.