ஊதா நிறத்தில் பாலாறு

(வேலூரில் புவியியல், கணினி மாணவர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஸ்கேன் செய்த வரைபடம் கணினியில் ஏன் தவறான நிறத்தில் வருகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இந்தத் தாளைப் பாருங்கள். நாட்டின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட், அதாவது நில அமைப்பு வரைபடம், எண் 57 பி (P)/1. நாம் உட்கார்ந்திருக்கும் வேலூர் இதற்குள்தான் இருக்கிறது. அளவு 1:50,000. தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் அரை கிலோமீட்டர். பழைய பதிப்பு என்பதால் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு. 1989-இல் அந்த மாவட்டம் பிரிந்தது. 2019-இல் வேலூரும் மூன்றானது.

இந்தத் தாளில் ஒவ்வொரு நிறமும் ஒரு செய்தி சொல்கிறது. பழுப்பு என்றால் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு. பச்சை காடு, மஞ்சள் விளைநிலம், சிவப்பு சாலையும் குடியிருப்பும். ஆண்டு முழுக்க நீர் இருக்கும் இடம் நீலம். வற்றிவிடும் ஓடையும் ஏரியும் கறுப்புக் கோடு. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இந்தக் கடைசி வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஓர் ஏரி நீலமா கறுப்பா என்று பார்த்தாலே அந்த ஊர்க் கிணறுகளின் கதை பாதி தெரிந்துவிடும்.

இதை ஸ்கேன் செய்த கோப்பை நான் முதன்முதலில் பைத்தான் நிரல்மொழியில் திறந்தபோது, திரை முழுக்க ஊதாவும் கரும்பச்சையும் மஞ்சளும்தான். மலை எது, ஆறு எது என்று தெரியவில்லை. ஸ்கேன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது: கோப்பு சரியாகத்தான் இருந்தது, நான் அதைப் படித்த முறைதான் தவறு.

நடந்தது இதுதான். ஓரங்களை விட்டுவிட்டு 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் இந்தத் தாள் ஏறத்தாழ 4 கோடி பிக்சல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் எழுதினால் 12 கோடி பைட். அச்சு வரைபடத்திலோ நிறங்கள் கொஞ்சம்தான். அதனால் பிக்சலுக்கு ஓர் எண் மட்டும் எழுதி, எந்த எண் எந்த நிறம் என்ற பட்டியலைக் கோப்பிலேயே தனியாக வைத்துவிடுகிறார்கள். இடம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

அந்த எண்ணை உங்கள் ரோல் நம்பர் போல எண்ணிக்கொள்ளுங்கள். 40-ஆம் எண் மாணவர் 20-ஆம் எண் மாணவரைப் போல இரண்டு மடங்கு அல்ல. அது வெறும் அடையாளம். திரையில் படம் காட்டும் பைத்தான் நூலகமான மேட்பிளாட்லிப்புக்கு இது தெரியாது. எண்ணை அளவாக நினைத்து, சிறியதற்கு ஊதா, பெரியதற்கு மஞ்சள் என்று தன்னுடைய விரிடிஸ் நிறவரிசையைப் பூசிவிடுகிறது.

சரி, ஸ்கிரிப்டில் என்ன செய்வது? வரைபடக் கோப்புகளைப் படிக்கும் ராஸ்டெரியோ நூலகத்தில் கோப்பைத் திறந்து, முதல் அடுக்கைப் படியுங்கள். அதே அடுக்கின் கலர்மேப்பையும், அதாவது அந்த நிறப் பட்டியலையும், கேட்டு வாங்குங்கள். 256 வரிசை, மூன்று பத்தி கொண்ட ஒரு நம்பை (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) அட்டவணையில் அந்த நிறங்களை நிரப்புங்கள். அப்புறம் அட்டவணைக்குள் படத்தையே சுட்டெண்ணாகக் கொடுத்தால் போதும், ஒரே வரியில் 4 கோடி பிக்சலுக்கும் அதனதன் நிறம் வந்துவிடும். நிறப் பட்டியலை ஏற்கும் மேட்பிளாட்லிப்பின் லிஸ்டட்கலர்மேப் வழியாகவும் செய்யலாம். ஆனால் அதில் எல்லையை 0 முதல் 255 வரை என்று நீங்களே நிறுத்த வேண்டும். மறந்துவிட்டு ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டிக் காட்டினால், அந்தத் துண்டில் இருக்கும் எண்களுக்கு ஏற்ப நிறங்கள் நகர்ந்துவிடும். அதனால்தான் அட்டவணை வழியையே நான் விரும்புகிறேன்.

படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நூலகம் பழகியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக அடுக்கும். மாற்றாமல் மேட்பிளாட்லிப்பிடம் கொடுத்தால் ஏரி சிவக்கும், சாலை நீலமாகும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொரு பிழை. அமெரிக்க நில அளவைத் துறை தன் தாள்களை ஸ்கேன் செய்து வெளியிட்டபோது 13 நிறங்கள் கொண்ட ஒரு பட்டியலை நிர்ணயித்தது. அதில் எண் 2 நீலம், எண் 3 சிவப்பு, எண் 4 பழுப்பு. இப்போது படத்தைச் சிறிதாக்குகிறீர்கள், அல்லது வேறு வீழலுக்கு (உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும் முறைக்கு) மாற்றுகிறீர்கள். மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுத்தால், நீல ஓடையும் பழுப்புக் கோடும் தொடும் இடத்தில் 2-க்கும் 4-க்கும் நடுவே 3 வரும். மலைச்சரிவில் இல்லாத சாலை ஒன்று சிவப்பாக முளைத்துவிடும். ஊதாப் படத்தைப் பார்த்தால் தவறு என்று யாருக்கும் தெரிந்துவிடும். இந்தச் சிவப்புப் புள்ளியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். எண்ணாக இருக்கும்வரை, மிக அருகிலுள்ள ஒரே பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் 'நியரஸ்ட்' முறையைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். வழவழப்பு வேண்டுமென்றால் முதலில் மூன்று நிற அடுக்காக விரியுங்கள். ஜிடால் என்ற வரைபடக் கோப்பு மென்பொருளில் 'எக்ஸ்பேண்ட் ஆர்ஜிபி' என்ற ஒரு தெரிவு போதும். சராசரி அதற்குப் பிறகு.

சரிபார்க்க நான் எப்போதும் தாளின் அடியில் இருக்கும் குறியீட்டு விளக்கத்தைத்தான் முதலில் திரையில் பெரிதாக்குவேன். சமவுயரக் கோடு பழுப்பாகவும் நீர் நீலமாகவும் இருந்த பிறகுதான் ஆற்றுப்பக்கம் போவேன்.

இப்போது ஆற்காடும் ராணிப்பேட்டையும் இருக்கும் 57 பி (P)/5-ஐத் திறக்கிறேன். பாலாறு இங்கே எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.