வாழ்த்தாகப் பிறந்த படங்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்களை வாழ்த்து அட்டைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுருண்டு எழும் நீல அலை, பனி மூடிய கோயில், குடையைச் சாய்த்துப் பிடித்து நடக்கும் பெண், தொலைவில் ஃபூஜி மலை. ஓவியம் அறிந்தவர்களில் சிலர் இந்த அட்டைகளைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். எவ்வளவு பெரிய கலை, அதைப் போய்ப் பிறந்தநாள் வாழ்த்தில் போட்டு மலிவாக்கிவிட்டார்களே என்பார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. இந்தக் கலை முழு வண்ணம் பெற்றதே ஒரு புத்தாண்டு வாழ்த்துப் பரிமாற்றத்தில்தான்.

அது 1765ஆம் ஆண்டு. இன்றைய டோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். நிலவின் ஓட்டத்தை வைத்து மாதம் கணக்கிட்ட காலம். சில மாதங்களுக்கு 30 நாள், சிலவற்றுக்கு 29. எது பெரிய மாதம், எது சிறிய மாதம் என்பது ஆண்டுதோறும் மாறும். மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் வியாபாரிகளுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் நாட்காட்டி அச்சிடும் உரிமை அரசு அனுமதி பெற்ற சிலரிடம் மட்டுமே இருந்தது. எடோவின் செல்வந்தர்களும் கவிதைக் குழுக்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நண்பர்களுக்குக் கொடுக்க அழகான படங்களை அச்சிட்டு, மாத எண்களை அந்தப் படத்துக்குள்ளேயே ஒளித்துவைத்தார்கள். சுசுகி ஹருநோபு வரைந்த ஒரு படத்தில், திடீர் மழைக்கு ஓடிவந்து கொடியில் காயும் துணியை எடுக்கிறாள் ஒரு பெண். அந்தத் துணியின் பூவேலையை உற்றுப் பார்த்தால், அவ்வாண்டின் பெரிய மாதங்கள் எவை என்பது தெரியும்.

யாருடைய படம் அழகு என்ற போட்டியில் பணம் தாராளமாகப் புழங்கியது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கட்டை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் அச்சிடும் முறை அந்தப் போட்டியில் தேர்ச்சி பெற்றது. பிறகு பதிப்பாளர்கள் அதே கட்டைகளிலிருந்து எண்களை நீக்கிவிட்டுப் படங்களைக் கடையில் விற்றார்கள். ஆகவே இந்தப் படங்கள் வாழ்த்து அட்டைக்கு வருவது பிறந்த வீட்டுக்குத் திரும்பி வருவதுதான். வரும் வழியில் அவற்றின் கதை மட்டும் தொலைந்துபோகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த அலையிலிருந்து தொடங்குகிறேன். ஹொக்குசாய் அதை வரைந்தது 1831ஆம் ஆண்டுவாக்கில். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தொட்டிருந்தது. 'ஃபூஜியின் முப்பத்தாறு காட்சிகள்' என்ற வரிசையில் அது ஒன்று. வரிசை நன்றாக விற்றதால் மேலும் பத்துப் படங்கள் சேர்ந்து மொத்தம் 46 ஆயின, பெயர் மட்டும் மாறவில்லை. பலர் இந்த அலையைச் சுனாமி என்கிறார்கள். நடுக்கடலில் சுனாமி இப்படி எழுந்து, உச்சி நுரைத்துக் கவிழாது. இது புயல் எழுப்பிய அலை.

அட்டையை அருகில் வைத்துப் பாருங்கள், அலைக்குக் கீழே மூன்று படகுகள் இருக்கின்றன. பிடித்த மீன் கெடுவதற்குள் எடோவின் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் விரைவுப் படகுகள் அவை. துடுப்புக்காரர்கள் முதுகை வளைத்து, துடுப்பை இறுகப் பற்றி, தலை கவிழ்ந்து கிடக்கிறார்கள். அந்நாளைய ஜப்பானியர்கள் வலமிருந்து இடமாகப் படித்தவர்கள். அவர்கள் கண்ணோட்டத்தில் முதலில் வருவது படகுகள். அந்த மனிதர்களோடு சேர்ந்து போய்த்தான் அலையின் வாயில் விழுவோம். நாம் இடமிருந்து பார்ப்பதால் முதலில் அலை நம் பக்கம் நின்றுவிடுகிறது, ஆட்கள் கண்ணில் படுவதே இல்லை. நடுவில் சின்னஞ்சிறிதாக ஃபூஜி. எடோ மக்களுக்கு அது வழிபடும் மலை. ஏற முடியாதவர்களுக்காக ஊருக்குள்ளேயே சிறு ஃபூஜிக் குன்றுகளைக் கட்டி ஏறினார்கள். அந்த மலை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க, பிழைப்புக்காகக் கடலில் போன மனிதர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹொக்குசாயின் படம் எனக்கு அவர்களுடைய படம்.

அந்த நீலத்தைப் பற்றியும் ஒரு சொல். அது பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம். வெளிநாட்டுத் தொடர்பைப் பெரும்பாலும் அடைத்துவைத்திருந்த ஜப்பானுக்குள், நாகசாகித் துறைமுகம் வழியாக வணிகர்கள் கொண்டுவந்த நிறம். உலகம் ஜப்பானின் நீலம் என்று கொண்டாடுவது அதைத்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த படத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ், புத்தாண்டுப் பருவத்தில் அட்டைகளில் இது அதிகம் தென்படும். மேலே பாதி வெட்டுப்பட்ட ஒரு பெரிய சிவப்பு விளக்கு, வாசலுக்கு அப்பால் வெண்பனி, பனியில் நடந்துபோகும் மக்கள், உள்ளே சிவப்புக் கோபுரம். எடோவின் அசகுசா பகுதியிலுள்ள சென்சோஜி கோயில் அது. வரைந்தவர் ஹிரோஷிகே. அமைதியான குளிர்காலக் காட்சி என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அந்நாளைய அச்சுகளில் தணிக்கை முத்திரையும் மாதமும் ஆண்டும் பதிந்திருக்கும். இந்தப் படம் வெளியானது 1856ஆம் ஆண்டின் ஏழாம் மாதத்தில், அதாவது கொளுத்தும் கோடையில்! கோடையில் யாராவது பனிக்காட்சி விற்பார்களா?

1855 நவம்பரில் எடோவைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. தொடர்ந்து தீப்பிடித்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். சென்சோஜியின் ஐந்தடுக்குக் கோபுரம் விழவில்லை, ஆனால் அதன் உச்சியிலிருந்த உலோகக் கலசம் வளைந்துபோனது. ஊரின் எந்த மூலையிலிருந்தும் அந்த வளைவு தெரிந்திருக்கும். மறு ஆண்டு அதைச் செப்பனிட்டு நிமிர்த்தினார்கள். அதன் பிறகுதான் இந்தப் படம் வருகிறது, கலசம் நேராக நிற்கிறது. ஜப்பானில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் மங்கல நிறங்கள். கோயிலின் சிவப்போடு சேர்க்க வெள்ளை வேண்டும் என்றுதான் ஹிரோஷிகே கோடையில் பனியைப் பெய்வித்தார் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நடப்புச் செய்தியைப் படமாக்குவதற்கு அரசின் கெடுபிடி இருந்த காலம் அது. 'நம் கோபுரம் நிமிர்ந்துவிட்டது' என்று ஊருக்குச் சொல்ல, பனிக்காட்சி ஒரு பாதுகாப்பான வழி.

ஹிரோஷிகே தீயணைப்புப் பணியிலிருந்த குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையின் அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. எரிந்த வீதிகளை அறிந்த மனிதர் தன் ஊரை மறுபடி முழுமையாக வரைந்துகாட்டினார். 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' என்ற அந்த வரிசையை வரைந்துகொண்டிருந்தபோதே, 1858இல் அவர் இறந்தார். எடோவில் காலரா பரவியிருந்த ஆண்டு அது.

அதே வரிசையில் 1857இல் வந்த இன்னொரு படம், வானத்தை அடைத்துக்கொண்டு பறக்கும் பெரிய கெண்டை மீன். அருவியை எதிர்த்து ஏறி, நாகவாசல் என்ற இடத்தைத் தாண்டும் கெண்டை யாளிபோன்ற பறக்கும் நாகமாக மாறும் என்பது சீனாவிலிருந்து வந்த பழங்கதை. அதனால் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், ஆண்பிள்ளை உள்ள வீடுகளில் காகிதக் கெண்டையைக் கம்பத்தில் பறக்கவிட்டார்கள். அது சாதாரண நகரவாசிகளின் வழக்கம். போர்வீரர்களான சாமுராய்களின் வீடுகளில் கொடிகளும் பதாகைகளும். ஹிரோஷிகேயின் படத்தில் சாமுராய்களின் பதாகைகள் தூரத்தில் சிறிதாகத் தெரிகின்றன, ஃபூஜி அதைவிடத் தூரத்தில். கடைக்காரர் வீட்டுக் காகித மீன்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது.

நரிகளின் படமும் இந்த வரிசையில்தான். ஆண்டின் கடைசி இரவு, ஓஜி என்ற இடத்தில் ஒரு மரத்தடியில் நரிகள் கூடுகின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் சிறு தீ மிதக்கிறது. நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பயப்படுவோமே, அதுபோன்ற தீ. ஆனால் அங்கே யாரும் அஞ்சவில்லை. நரி, நெல்லுக்குரிய தெய்வமான இனாரியின் தூது. நரிகள் அங்கே உடைமாற்றிக்கொண்டு சன்னதிக்குப் போவதாக நம்பிக்கை. எத்தனை தீ தெரிகிறது என்று பார்த்து, வரும் ஆண்டு விளைச்சலை உழவர்கள் கணித்தார்கள். புத்தாண்டுக்கு இதைவிடப் பொருத்தமான அட்டை எனக்குத் தெரியாது. இருட்டாக இருக்கிறது என்று இதைக் கடையில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

குடையைச் சாய்த்து நடக்கும் பெண் என்றேனே, அது 1925இல் கவாசே ஹசுயி வரைந்தது. டோக்கியோவின் சோஜோஜி கோயில் வாசல், வீசியடிக்கும் பனி. இரண்டு ஆண்டுக்கு முன், 1923 செப்டம்பர் 1ஆம் நாள் நிலநடுக்கத்தில், அவருடைய கோட்டோவிய ஏடுகளும் பதிப்பாளர் வதனாபேயின் அச்சுக்கட்டைகளும் எரிந்து போயிருந்தன. இருவரும் வெறுங்கையோடு மறுபடி தொடங்கினார்கள். அந்த வாசல் 1622இல் எழுந்தது, இன்றும் நிற்கிறது. பேராசை, சினம், மடமை மூன்றிலிருந்தும் விடுபட்டு நுழையும் வாசல் என்பது அதன் பொருள்.

நேயர்களே, அட்டையின் பின்புறத்தில் பெரும்பாலும் ஓவியர் பெயர் மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. நான் அனுப்பும்போது இடம், ஆண்டு, இரண்டு வரிக் கதை எழுதி அனுப்புகிறேன். வீடு இடிந்து மறுபடி கட்டியவர்களுக்கு அசகுசாவின் பனி, பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கெண்டை, வயலை நம்பியிருப்பவர்களுக்கு நரிகள். அலையை மட்டும் வேலையில் திணறிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு அனுப்புகிறேன், 'படகிலிருப்பவர்களைப் பார்' என்று ஒரு வரியோடு.

நன்றி, வணக்கம்.