ஆள் வராத சாவு யாருடைய குறை?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'கூட்டம் கூடாத இறுதி ஊர்வலம் காட்டுவது இறந்தவரின் குறையையா, இருப்பவர்களின் குறையையா?' என்பது இன்றைய தலைப்பு. இருப்பவர்களின் குறையையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "ஒருவன் வாழ்ந்த லட்சணம் அவன் சாவில் தெரியும், நாலு பேரைச் சம்பாதிக்காதவன் வேறு எதைச் சம்பாதித்து என்ன பயன்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நம் வீட்டுப் பெரியவர்கள் காலம் காலமாகச் சொல்லும் பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சு எத்தனை பேருக்கு அநியாயம் செய்திருக்கிறது என்று பாருங்கள்.

1921 செப்டம்பர் 12, திருவல்லிக்கேணி. நள்ளிரவு கடந்து பாரதியாரின் உயிர் பிரிந்தது. முப்பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. விடிந்ததும் கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்கு எடுத்துச் சென்றார்கள். பரலி சு. நெல்லையப்பர், குவளைக் கண்ணன், லட்சுமண ஐயர், ஹரிஹர சர்மா, சுரேந்திரநாத் ஆர்யா ஆகியோர் தோள் கொடுத்தார்கள். நோயில் உருகிப் போயிருந்த உடல், தூக்கியவர்களுக்குப் பாரமே தெரிந்திருக்காது. உடன் சென்றவர்கள் பதினான்கு பேர் என்று மேடைதோறும் சொல்கிறோம். ஏறத்தாழ இருபது பேர் என்று நெல்லையப்பர் எழுதினார். இருபது என்றே வைத்துக்கொள்வோம். எதிரணியின் கணக்குப்படி பாரதி சம்பாதித்தது அவ்வளவுதானா?

"அந்தக் காலத்தில் தொலைபேசி ஏது? விடிவதற்குள் யாருக்குச் செய்தி போயிருக்கும்?" என்று கேட்பீர்கள். தூத்துக்குடிக்கும் புதுச்சேரிக்கும் போயிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களுக்குமா போகவில்லை? புதுச்சேரியில் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தவர் அவர். அப்படிப்பட்டவரைச் சாதி ஆசாரம் பார்த்த அந்தக் காலத்து உலகம் எட்ட நின்றுதான் பார்த்தது. அந்த எட்ட நின்றதற்கு அவரா பொறுப்பு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நடுவர் அவர்களே. மயானத்தில் தலையை எண்ணுகிறவர்கள் யாரை எண்ணுகிறார்கள்? ஆண்களை மட்டும். நம்மில் பல சமூகங்களில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். பதினான்கோ இருபதோ, அந்த எண்ணிக்கையில் மனைவி செல்லம்மா இல்லை, மகள்கள் தங்கம்மா இல்லை, சகுந்தலா இல்லை. கணவரின் பாடல்கள் அழிந்துவிடக் கூடாது என்று 'பாரதி ஆச்ரமம்' தொடங்கி, மறு ஆண்டே அவற்றை நூலாக வெளியிட்டவர் அதே செல்லம்மாதான். பாரதிக்கு அவரைவிடப் பெரிய துணை யார்? அவரையே சேர்க்காத ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கைக்கு மதிப்பெண் போட எதிரணிக்கு எப்படி மனம் வருகிறது?

பாரதி இறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்புதான், 1920 ஏப்ரல் 26 அன்று, இதே சென்னையில் சேத்துப்பட்டில் கணித மேதை ராமானுஜன் இறந்தார். வயது 32. லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துச் சிறப்பித்த மனிதர். கடல் கடந்தவர், அதற்குரிய பிராயச்சித்தம் செய்யாதவர் என்று ஆசாரம் மிகுந்த சொந்தக்காரர்கள் பலர் அவருடைய இறுதிச் சடங்குக்கே வரவில்லை. அவர் செய்த குற்றம் கணக்குப் படிக்கக் கப்பல் ஏறியது.

பெரியவர்கள் கதை போதும். துக்க வீட்டுக்கு நாம் எதற்குப் போகிறோம்? பாசத்தில் போகிறோம், இல்லை என்று சொல்லவில்லை. அதோடு, 'அவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள், நாம் போகாவிட்டால் நன்றாக இருக்காது' என்றும் போகிறோம். கோடித்துணி போட ஒரு முறை இருக்கிறது. பங்காளிக்கு ஓர் இடம், சம்பந்திக்கு ஓர் இடம் இருக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் பிள்ளை இல்லாதவரும், கையில் காசு இல்லாததால் நாலு விசேஷத்துக்குப் போகாமல் ஒதுங்கியவரும் எங்கே நிற்பார்கள்? தாசில்தார் வீட்டு நாய் செத்தால் ஊரே கூடும், தாசில்தாரே செத்தால் ஒரு நாதியும் வராது என்று சும்மாவா சொன்னார்கள்!

எங்கள் பக்கத்து ஊரில் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்த ஓர் அம்மா இருந்தார். முட்டையின் மஞ்சள் கரு பிடிக்காது என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு வெள்ளையை மட்டும் பிட்டு வைத்துவிட்டு, மஞ்சள் கருவைச் சோற்றோடு பிசைந்து, தெரியாமல் ஊட்டிவிடுவார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு வேலை நாளில் இறந்தார். பந்தலுக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதியை அடுக்கிலிருந்து பிரிக்கவே இல்லை. அவர் கையால் சாப்பிட்ட பிள்ளைகள் எல்லாம் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் துபாயில் கட்டட வேலையிலும் இருந்தார்கள். "செத்தது இரத்த உறவா?" என்று கேட்கும் மேற்பார்வையாளரிடம், "எனக்குச் சோறு போட்டவர்" என்று சொல்லி ஒருநாள் விடுப்பு வாங்க முடியுமா? வாங்க முடியாத ஓர் உலகத்தை நாம் கட்டி வைத்துக்கொண்டு, நாலு பேரைச் சம்பாதிக்கவில்லை என்று அந்த அம்மாவையா குறை சொல்வது?

"ஊரை ஏமாற்றியவன் சாவுக்கும்தான் ஆள் வருவதில்லை" என்றார் எதிரணித் தலைவர். உண்மைதான். ஏமாற்றியவனுக்கும் ஆள் வரவில்லை, சோறு போட்டவருக்கும் ஆள் வரவில்லை என்றால், வந்த தலைகளை எண்ணி இருவரையும் எப்படி ஐயா பிரித்துச் சொல்வீர்கள்?

கடைசியாக ஒன்று. 2020 ஏப்ரல். இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசே ஆணையிட்டிருந்த நாட்கள். சென்னையில் ஒரு மருத்துவர் கொரோனாவில் இறந்தார். உடலைப் புதைத்தால் நோய் பரவும் என்ற பொய்யை நம்பி முதல் இடுகாட்டில் மக்கள் தடுத்தார்கள். வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையுமாகத் தாக்கினார்கள். ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, ஓட்டியவர்களுக்குக் காயம். குடும்பத்தாரே இருக்க முடியாமல் திரும்பிப் போனார்கள். அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர், இரண்டு மருத்துவமனை ஊழியர்களோடு நள்ளிரவில் மீண்டும் வந்து, போலீஸ் காவலில், கவச உடையோடு தன் கையால் மண்ணை வாரிப் போட்டுக் குழியை மூடினார். இறுதிச் சடங்கைத் தடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை என்று அந்த மாதமே தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

நடுவர் அவர்களே, அன்று மண் தள்ளிய மூன்று பேரை எண்ணி அந்த மருத்துவரின் வாழ்க்கையை அளப்பதா, கல்லெடுத்த கைகளை எண்ணி நம் ஊரை அளப்பதா? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் வேறெதையும் தொட வேண்டாம், இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.