காட்டுக்கும் வரத்துக்கால் உண்டு

பெரியவர்களே, ஆச்சிமார்களே, மாணவப் பிள்ளைகளே, வணக்கம்.

ஊருணி வெட்டுவது பாதி வேலை, அதற்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலைக் காப்பது மீதி வேலை. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் தூர்ந்துபோனால் ஊருணியில் படிக்கட்டுதான் மிஞ்சும். காடும் அப்படித்தான். இங்கொரு சரணாலயம், அங்கொரு சரணாலயம் என்று அறிவித்துவிட்டு நடுவிலுள்ள வழியைக் கைவிட்டால் இரண்டும் தீவாகிவிடும். உள்ளே சிக்கிய விலங்குகள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கி நலிந்துபோகும். ஒரு வறட்சியோ நோயோ அவற்றைத் துடைத்துவிட்டால், வெளியிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப வழியிருக்காது. வயலும் ஊரும் பெருகிவிட்ட நாட்டில் அந்த வழி என்று பல இடங்களில் மிஞ்சியிருப்பவை ஆற்றங்கரை மரங்கள்தாம்.

பங்குனி வெயிலில் மேட்டுக்காடு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும்போதும் கரையோர நீர்மருதுக்கும் நாவலுக்கும் வேரடியில் ஈரம் இருக்கும். அத்தியை இன்னும் உயர்வாகச் சொல்லவேண்டும். எல்லா அத்தியும் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பழுக்கும். வேறு பழமே கிடைக்காத நாளில் குரங்கும் வௌவாலும் குக்குறுவான் பறவையும் பசியாறுவது அங்கேதான். தின்றவை விதையைக் கரை நெடுகப் போட்டுக்கொண்டே போகும்.

நம் வைகை பிறக்கும் மலைப்பக்கம் போவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நரை அணிலுக்கென்று 1988-ல் சரணாலயம் வந்தது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அந்த அணில் கூடு கட்டும் இடத்தைக் கவனியுங்கள். பக்கத்து மரங்களோடு கிளை கோத்துக்கொண்ட உச்சியைத்தான் தேடும். கழுகு பாய்ந்தால் அடுத்த மரத்துக்குத் தாவவேண்டுமே. தரையில் இறங்குவது அரிது. ஆகவே பம்புசெட் கொட்டகைக்காக ஒரு மருதை வெட்டினால், ஒரு மரம் போனதாகக் கணக்கெழுத முடியாது. அந்த இடத்தில் பாதையே அறுந்துபோகிறது.

நீலகிரி அடிவாரத்து மாயாற்றங்கரையில் வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு கூடு கட்டுவது உயர்ந்த நீர்மருதுகளில்தான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற அந்தக் கழுகினத்தைக் கொன்று குவித்தது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மருந்தை ஓர் ஆணையில் நிறுத்தலாம், வளர்ந்த மருதை ஆணையிட்டு வரவழைக்க முடியாது.

கரைக்காடு எவ்வளவு அகலம் வேண்டும்? பிரேசில் நாட்டு வனச்சட்டம் 10 மீட்டர் அகலத்துக்குக் குறைந்த ஓடைக்கே இரு கரையிலும் 30 மீட்டர் காடு கேட்கிறது; 600 மீட்டரைத் தாண்டிய ஆற்றுக்கு 500 மீட்டர். ஒற்றை வரிசை மரம் ஏன் போதாது என்றால், இருபுறமும் வெயிலும் வறண்ட காற்றும் நுழைந்து உள்ளே குளிர்ச்சியே தங்காது; களையும் நாயும் எளிதாகப் புகும். போர்னியோவின் கினாபடாங்கன் ஆற்றில் எண்ணெய்ப்பனை கரைவரை வந்துவிட்ட இடங்களில் ஒராங்குட்டானுக்கு வழி துண்டுதுண்டாகிவிட்டது. நம் பக்கத்தில் 2022-ல் அறிவித்த காவிரி தெற்குச் சரணாலயம் இரு மாநிலக் காடுகளை ஆற்றோடு இணைக்கிறது. நல்ல முடிவு அது.

நம்மூர் மணிமுத்தாற்றிலும் பாம்பாற்றிலும் யானை வராது. மரநாயும் ஆந்தையும் வரும், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளும் வரும். அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த கொள்ளுக்குடிப்பட்டி நம் சிவகங்கை மாவட்டத்து ஊர்தானே!

கரையை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை ஒரே மூச்சில் பொக்லைன் விட்டு வழிக்காதீர்கள். வெறும் கரை முதல் வெள்ளத்திலேயே சரியும். ஐம்பதடி எடுங்கள், அங்கே நட்டு வேர் பிடித்தபின் அடுத்த ஐம்பதடிக்குப் போங்கள். மேலே மட்டும் வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும், தூரோடு பெயர்க்கவேண்டும். கரைச்சரிவுக்கு வெட்டிவேர், அதற்கு மேலே நீர்மருது, நாவல், அத்தி, புங்கம், வெளிவரிசைக்கு இலுப்பை. ஒரே இனத்தை நட்டால் ஒரே பூச்சி அத்தனையையும் தின்னும். ஆற்றின் படுகைக்குள் நடவே கூடாது. இரண்டடிக்கு இரண்டடி குழி, மூன்றடிக்கு மேல் வளர்ந்த கன்று, ஐப்பசி முதல் மழை. ஆட்டுக்கு முள்வேலி கட்டாமல் நட்ட கன்று ஒரு வாரம்கூடத் தாங்காது.

பணத்தை நடுவிழாவிலேயே செலவழித்துவிடாதீர்கள். முதல் மூன்று கோடைக்கும் தண்ணீர் ஊற்றும் ஆளுக்குக் கூலி ஒதுக்குங்கள். நடுவதற்கு முன் கரையோரம் ஒரு முழுநாள் நடந்து, கிளையும் கிளையும் தொடாத இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.