கல் நாற்காலியும் ஒற்றைச் செருப்பும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

1602-ஆம் ஆண்டு. அயர்லாந்தின் வடபகுதியில் போர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஐரிஷ் தரப்பின் பெருந்தலைவர் ஹியூ ஓ நீல் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறார். ஆங்கிலப் படைத்தலைவர் மவுண்ட்ஜாய் பிரபுவுக்குச் செய்ய வேண்டிய வேலை ஆயிரம் இருந்திருக்கும். ஆனாலும் டைரோன் பகுதியில் உள்ள டல்லிஹோக் குன்றுக்கு மெனக்கெட்டுப் போய், அங்கிருந்த ஒரு நாற்காலியை உடைக்கச் செய்தார். பெரிய பாறை ஒன்றின்மேல் பலகைக் கற்களைச் சாய்த்துவைத்த, பொன்னும் மணியும் இல்லாத வெறுங்கல் நாற்காலி அது. அதை ஏன் உடைக்க வேண்டும்?

ஓ நீல் குலத்துக்குத் தலைவரானவர் அதில் அமர்ந்த பிறகுதான் தலைவர். 'முடிசூட்டு விழா' என்று எழுதிவிடத்தான் எனக்கும் கை போகிறது. ஆனால் அங்கே முடியே கிடையாது. கையில் ஒரு வெள்ளைக் கோல் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அடுத்து வருவதுதான் விசேஷம். ஓ நீலுக்குக் கீழே இருந்த சிற்றரசர் ஓ கஹான் ஒரு செருப்பை எடுத்துப் புதிய தலைவரின் தலைக்கு மேலாக எறிவார். நம் மேடைகளில் செருப்பு பறந்தால் பொருள் வேறு. அங்கே அது மங்கலம். அந்தக் குன்றின் காவலர்களான ஓ ஹேகன் குடியினர் செருப்பைத் தலைவரின் காலில் மாட்டிவிடுவார்கள். அதோடு அவர் பெயரும் போய்விடும். ஹியூ, ஷேன் என்று யாரும் அழைக்கமாட்டார்கள். வெறும் 'ஓ நீல்' என்றால் அவர் ஒருவரே. 1595-இல் ஹியூ ஓ நீல் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அவருக்குப் பிறகு அதில் அமர யாரும் இல்லை.

இந்தக் காட்சியை வரைந்து வைத்தவர் ரிச்சர்ட் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய நிலப்பட வரைஞர். பாவம், பிற்பாடு டொனிகால் பகுதியை அளக்கப் போன இடத்தில் ஊர்க்காரர்கள் அவர் தலையை எடுத்துவிட்டார்கள். தங்கள் நாடு அளக்கப்படுவதை அவர்கள் விரும்பவில்லை என்று அரசாங்கக் குறிப்பே சொல்கிறது. வரைபடத்தைத் தொடர்ந்து வரி வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கல்லில் அமர்வதும் உண்டு, நிற்பதும் உண்டு. சில குலங்களின் கல்லில் பாதச் சுவடு செதுக்கியிருக்கும் என்று 1590-களில் அயர்லாந்தில் வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் எழுதியிருக்கிறார். புதிய தலைவர் அதில் கால் வைத்து, பழைய வழக்கங்களைக் காப்பேன், எனக்கு அடுத்தவருக்குத் தகராறின்றி இடம் விடுவேன் என்று சத்தியம் செய்வாராம். பிறகு இறங்கி, முன்னோக்கி மூன்று முறை, பின்னோக்கி மூன்று முறை சுற்றுவாராம். அப்படி இரண்டு பாதங்கள் பதிந்த கல் ஒன்று டெர்ரி நகரில் இன்றும் இருக்கிறது.

'அடுத்தவர்' என்று சொன்னேனே, அது மூத்த மகன் இல்லை. 'கிளான்' என்ற ஐரிஷ் சொல்லுக்குப் பிள்ளைகள் என்று பொருள். ஒரே கொள்ளுப்பாட்டன் வழிவந்த ஆண்கள் அனைவரும், நம் சொல்லில் பங்காளிகள், தலைமைக்கு உரியவர்கள். அவர்களில் தகுதியானவரைத் தலைவர் உயிரோடிருக்கும்போதே தேர்ந்து வைப்பார்கள். அவருக்கு 'டானிஸ்ட்' என்று பெயர். அயர்லாந்தின் துணைப் பிரதமரை இன்றும் அதே சொல்லின் வடிவத்தால்தான் அழைக்கிறார்கள். பங்காளிகள் என்றால் சண்டையும் உண்டு. கத்தியெடுத்துத் தீர்த்த வாரிசுப் போட்டிகள் ஏராளம். அதை மறைத்துப் பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் கீழே உள்ளவன் செருப்பை மாட்டிவிடாமல் மேலே உள்ளவன் தலைவனாக முடியாது என்ற ஏற்பாடு லண்டனுக்குப் பிடிக்கவில்லை. பட்டம் மன்னரிடமிருந்து வர வேண்டும், தந்தையிடமிருந்து மூத்த மகனுக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் முறை. 1607-இல் ஓ நீலும் பிற தலைவர்களும் ரத்மல்லன் துறையில் கப்பலேறி நாட்டைவிட்டே போய்விட்டார்கள். மறு ஆண்டு, டானிஸ்ட் முறை செல்லாது என்று டப்ளின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேடிக்கை என்னவென்றால், விடுதலை பெற்ற அயர்லாந்தும் அந்த ஆங்கில முறையையே கையில் எடுத்தது. 1944 முதல் அரசின் வம்சாவளி அலுவலகம், கடைசியாகக் கல்லேறிய தலைவரின் மூத்த ஆண் வழியில் வந்தவர் யார் என்று தேடிப்பிடித்து அங்கீகாரம் கொடுத்தது. ஓ டோனல் குலத்துக்கு அப்படிக் கிடைத்த தலைவர் ஜிம்பாப்வேயில் தொண்டு செய்த ஒரு பிரான்சிஸ்கன் துறவி. துறவி மூத்த மகனுக்கு எங்கே போவது! மக்கார்த்தி குலத்தின் கதை இன்னும் மோசம். 1992-இல் தலைவராக அங்கீகாரம் பெற்ற ஒருவர் பட்டங்களைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அவர் காட்டிய வம்சாவளி புனைசுருட்டு என்பது 1999-இல் அம்பலமானது. சட்ட அடிப்படையே இல்லை என்று 2003-இல் அரசு அந்தப் பழக்கத்தைக் கைவிட்டது.

அரசு விட்ட இடத்தில் குலங்கள் நிற்கவில்லை. அவை முன்பே தம் வழியில் கூடத் தொடங்கியிருந்தன. மேயோ பகுதியின் ஓ மாலி குலத்தார் 1953 முதல் ஒன்றுகூடி வருகிறார்கள். அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறார்கள். வந்தவர்களில் பலருக்கு ஒருவரையொருவர் தெரியாது. உறவு இன்ன வகை என்று சொல்லவும் வராது. சட்டையில் குத்திய பெயர்ச்சீட்டில் எல்லோர் பெயரும் ஓ மாலி என்றிருந்தால் யாரை எப்படிக் கூப்பிடுவது? பாட்டும் விருந்தும் நடக்கும் அந்தக் கூட்டத்தில்தான் புதிய தலைவரைப் பொறுப்பில் அமர்த்துகிறார்கள். பரம்பரை உரிமை இல்லை, நிலம் இல்லை, வரி இல்லை. குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி, காலம் முடிந்தால் இறங்கிவிட வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான வேடம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். வம்சாவளிச் சான்றிதழைவிட இந்தக் கைதூக்கல்தான் டல்லிஹோக் செருப்புக்கு நெருக்கமானது.

இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட இக்காலத் தலைவர்களில் பெண்களும் இருந்திருக்கிறார்கள். ஓ மாலி குலத்தின் புகழ்பெற்ற பெயர் கிரேஸ் ஓ மாலி. குலத்தலைவரின் மகள், கப்பல்களை நடத்தியவள், 1593-இல் கிரீனிச்சுக்குப் போய் எலிசபெத் அரசியை நேரில் பார்த்துப் பேசியவள். இவ்வளவு இருந்தும் பெண் என்பதால் அவளைக் கல்லேற்றித் தலைவராக்க அன்றைய வழக்கம் இடம் தரவில்லை. மேயோ கடற்கரைக்கு அப்பாலுள்ள கிளேர் தீவின் பழைய மடாலயச் சுவரில் அவள் குலத்தின் சின்னக் கல் இருக்கிறது. அதில் பாய்மரக் கப்பலும் 'நிலத்திலும் கடலிலும் வல்லோர்' என்ற லத்தீன் வாசகமும் செதுக்கியிருக்கிறார்கள். ரூனா துறையில் படகேறினால் போய்விடலாம்.