ஊற்றுக்கண்ணை அடைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மலைச்சரிவில் ஒரு சின்ன ஊர். மேலே பாறையிடுக்கில் ஓர் ஊற்று. ஊர் மொத்தமும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அதற்குத் தொட்டி கட்டுவதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அளந்து பாருங்கள். மழை விட்ட கையோடு அளக்கக் கூடாது. கோடைக் கடைசியில், ஊற்று மெலிந்திருக்கும்போது அளக்க வேண்டும். 20 லிட்டர் வாளி நிறைய 100 விநாடி ஆகிறது என்று வையுங்கள். பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு அது 17,280 லிட்டர்! 50 வீடு, வீட்டுக்கு 5 பேர் என்றால் ஆளுக்கு 69 லிட்டர் வரும். ராத்திரி ஊறுவதையும் பிடித்துவைத்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அதனால் ஊர்ப்பக்கம் தனியாக ஒரு சேமிப்புத் தொட்டி வேண்டும்.

அடுத்து ஊற்றுக்கண். கண் தெரியும்வரை மண்ணை மண்வெட்டியால் மெல்ல விலக்குங்கள். வெடி மட்டும் வைக்காதீர்கள். பாறை விரிசல் மாறினால் தண்ணீர் வேறு பக்கம் போய்விடும். கண்ணுக்கு முன்னால் கழுவிய கல்லும் ஜல்லியும் அடுக்கி, மேலே களிமண்ணை மிதித்து இறுக்குங்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

இப்போது முக்கியமான விஷயம். ஊற்றை ஒட்டிக் கட்டும் தொட்டியின் நிறைவழிக் குழாய், அதாவது நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வெளியேறும் குழாய், ஊற்றுக்கண்ணைவிட ஒரு சாணாவது தாழ இருக்க வேண்டும். சுவரை உயர்த்தினால் நிறையப் பிடிக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். தேங்கிய தண்ணீர் கண்ணுக்கு மேல் ஏறினால், வருகிற தண்ணீரை அது எதிர்த்துத் தள்ளும். தள்ளப்பட்ட தண்ணீர் சும்மா இருக்குமா? மண்ணுக்குள் வேறு வழி பார்த்துக்கொள்ளும். பத்தடி தள்ளிப் புதிதாக ஈரம் பொசியும், தொட்டிக்கு வரத்துக் குறையும். அந்த ஈரத்தைக் கண்டதும் நிறைவழியைத் தாழ்த்திவிடுங்கள். நாள் கடந்தால் பழைய வழிக்குத் திருப்புவது கஷ்டம். மறுபடியும் சொல்கிறேன்: கண் மேலே, நிறைவழி கீழே. தண்ணீர் வீணாகிறதே என்று அதன் வாயில் துணி அடைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அடைக்காதீர்கள். தவளை புகாமல் வலை கட்டினால் போதும்.

மேலிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீரைத் திருப்ப, ஊற்றுக்கு மேட்டுப்பக்கம் எட்டு, பத்து மீட்டர் தள்ளிக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். மாடு ஏறாமல் வேலியும் போடுங்கள்.

குழாயைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு) கூடும். 6 கிலோ தாங்கும் குழாய் என்றால், 50 மீட்டர் இறங்கியதும் இடையில் ஒரு சின்னத் திறந்த தொட்டி வையுங்கள்; அதில் விழுந்ததும் அழுத்தம் தணிந்துவிடும். ராத்திரி ஊரில் தண்ணீர் பிடிக்கும் குழாய்களை எல்லாம் மூடியபின்தான் அழுத்தம் முழுசாக ஏறும், வெடிப்பதும் அப்போதுதான். நன்றி, வணக்கம்.